நியூ டீலுக்கு வெளியே நின்றவர்கள்

ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் 'நியூ டீல்' அமெரிக்க ஏழைகளைக் கரையேற்றியது என்போர் 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துப் பார்க்கவேண்டும். முதியோருக்கு ஓய்வூதியம் வகுத்த அச்சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுப் பணியாளர்களையும் விலக்கியது. அன்று உழைத்த கறுப்பினத்தவரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். வீட்டுப் பணியாளரோ பெரும்பாலும் பெண்கள். விலக்கிய வாசகத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேவையும் இருக்கவில்லை!

அமைச்சரவையின் முதற்பெண்ணான பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் தலைமையிலான குழு இவர்களைச் சேர்க்கவே பரிந்துரைத்திருந்தது. வரி அறவிடுவது சிரமம் என்றது திறைசேரி. இச்சமாதானத்தை நான் ஏற்பதற்கில்லை. தொழிற்சங்க உரிமையளித்த வாக்னர் சட்டமும் அதே ஆண்டில் அதே இரு சாராரை ஒதுக்கியது. அங்கே அறவிட வரி ஏது?

வீட்டுப் பணியாளருக்கு ஓய்வூதியக் கதவு 1950 இலேயே திறந்தது. வாக்னர் சட்டத்தின் விலக்கு இன்றும் நீக்கப்படவில்லை.