சிறுவர் கைக்கு எட்டும் தட்டில் வேண்டாம்

மிட்டாய் வாங்கப் போகும் பத்து வயதுப் பையனின் கண்மட்டத்தில், உள்ளாடை மட்டும் அணிந்த பெண்களின் அட்டைப் படங்களை வரிசையாக அடுக்கி வைக்கலாமா? பிரிட்டன் இந்தக் கேள்வியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சுமந்தது. 1994இல் 'லோடட்' வந்தது. 'எஃப்.எச்.எம்.', 'மாக்சிம்' ஆகியவை அதே பாதையில் நடந்தன. 2004 ஜனவரியில் 'நட்ஸ்', 'ஸூ' என்ற இரண்டு வார இதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. கால்பந்து, கார், நகைச்சுவை, நடுநடுவே கவர்ச்சிப் படங்கள். இவை 'லேட்ஸ் மேக்' என்று அழைக்கப்பட்டன. உச்சத்தில் எஃப்.எச்.எம். மட்டும் மாதம் ஏழு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இத்தகைய இதழ்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது, அவர்கள் கண்ணில் படும்படி வைக்கவும் கூடாது என்பதே நமது உறுதியான கருத்து. தடையும் தண்டனையும் விற்பவர் மீது விழ வேண்டும். புரட்டிப் பார்த்த பையன் மீது அல்ல.

இதை எதிர்ப்பவர்கள், 'இந்தப் படங்களில் என்ன இருக்கிறது, சினிமாவில் இதைவிட அதிகம் காட்டுகிறார்களே' என்கிறார்கள். அந்தக் கூற்றில் உண்மை உண்டு. உடலைப் பார்ப்பதால் ஒரு குழந்தை கெட்டுவிடாது. அருங்காட்சியகச் சிலையும் உயிரியல் பாடநூலும் உடலைக் காட்டத்தான் செய்கின்றன. எத்தனை அங்குலத் துணி என்று அளந்துகொண்டிருந்தால் இந்த விவாதம் ஒருநாளும் முடியாது. பெண்ணைப் பற்றி அந்தப் பக்கங்கள் என்ன கற்றுக்கொடுத்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸூ 2005இல் ஒரு போட்டி அறிவித்தது. வாசகர்கள் தங்கள் காதலியின் மார்பகப் படத்தை அனுப்ப வேண்டும்; பரிசு, அந்தப் பெண்ணுக்கு மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை. 2010இல் அதே இதழில், ஒரு நடிகரின் பெயரில் வெளிவந்த ஆலோசனைப் பகுதியில், காதல் முறிந்து வருந்திய வாசகருக்கு ஒரு பதில் அச்சானது: முன்னாள் காதலியின் முகத்தை வெட்டிவிடு, பிறகு யாரும் அவளை விரும்ப மாட்டார்கள். கண்டனம் வெடித்ததும் தயாரிப்புப் பிழை என்று சொல்லி இதழ் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பதில் நஞ்சாவதற்குக் கவர்ச்சிப் படம் எதுவும் தேவைப்படவில்லை.

எஃப்.எச்.எம். விவகாரம் இதைவிடக் கொடியது. வாசகர்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் பெண்களின் படங்களை அது வெளியிட்டு வந்தது. அப்படி வந்த ஓர் அரை நிர்வாணப் படத்தில் இருந்தது 14 வயதுச் சிறுமி. அவள் சம்மதமின்றியே அச்சேறியது. பெற்றோர் முறையிட்டார்கள், 2007இல் பத்திரிகை முறையீட்டு ஆணையம் இதழின் மீதான புகார் சரியே என்று தீர்ப்பளித்தது. படத்தை அனுப்பியவர் யார், அதில் இருப்பவர் யார், அவருக்கு என்ன வயது என்பதையெல்லாம் உறுதி செய்துகொள்ளாமலே அச்சிடும் ஒரு தொழில்முறை அங்கே வேரூன்றியிருந்தது. சிறுவர்கள் இதைப் படிக்கலாமா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே, ஒரு சிறுமி அதன் சரக்காகவே ஆகிவிட்டாள். சிறுவர்களைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் நல்லெண்ணத்தை நம்பி எதையும் விட்டுவைக்க முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

மிடில்செக்ஸ், சரே பல்கலைக்கழகங்களின் உளவியலாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2011 இறுதியில் வெளிவந்தது. இந்த இதழ்களில் பெண்களைப் பற்றி வந்த வாசகங்களையும், பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் பேட்டிகளில் சொன்ன வாசகங்களையும் கலந்து கொடுத்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. இதழைப் படிப்பவன் குற்றவாளியாகிவிடுவான் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. நாமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்தவர்களுக்கே வேறுபாடு தெரியாத ஒரு மொழியை, பெண்களோடு எப்படிப் பேசுவது, பழகுவது என்று இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் 13 வயதுப் பையனிடம் வேடிக்கை என்ற பெயரில் கொடுப்பது அநியாயம்.

பிரிட்டனின் சட்டம் இந்த இடத்தில் தடுமாறியது. அமெரிக்கத் திகில் படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று 1955இல் தனிச் சட்டமே போட்ட நாடு அது. மறு ஆண்டே இந்தியாவும் அதையொட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தது. திரைப்படத்துக்கு வயதுச் சான்று உண்டு. கவர்ச்சி இதழ்களுக்கோ கடைக்காரர்களின் தன்விருப்பக் கட்டுப்பாடு மட்டும். முழு நிர்வாண இதழ்கள் மேல்தட்டுக்குப் போயின. லேட்ஸ் மேக்குகள் ஓர் இழைத் துணியைச் சாக்காக வைத்துக் கீழே தங்கிவிட்டன. 2010இல் அரசுக்காக லிண்டா பாபடோபுலோஸ் தயாரித்த அறிக்கையும், 2011இல் ரெக் பெய்லி அளித்த அறிக்கையும் இவற்றைச் சிறுவர் பார்வையிலிருந்து அகற்றச் சொல்லின. உடனே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2013இல் கூட்டுறவுப் பல்பொருள் அங்காடிகள், அட்டையை மூடும் உறையில் போட்டுத் தந்தால்தான் விற்போம் என்று கெடு விதித்தன. நட்ஸ் மறுத்தது, அங்காடிகள் அதை விற்பதை நிறுத்தின. மறு ஆண்டு நட்ஸ் மூடப்பட்டது. கைப்பேசியும் இணையமும் வாசகர்களைக் கொண்டுபோனதே மூடலுக்கு முதன்மைக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் உறையைக்கூட ஏற்க மனமில்லாத பதிப்பாளர், எந்த வாசகரை இழக்க அஞ்சினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய அரசு யார் என்ற பெற்றோரின் கேள்வி மதிக்கத்தக்கது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் கின்ஸ்பர்க் வழக்கில் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. நியூயார்க் அருகே சிற்றுண்டியும் எழுதுபொருளும் விற்ற ஒரு கடைக்காரர், 16 வயதுப் பையனுக்குக் கவர்ச்சி இதழ்களை விற்றார். பெரியவர்களுக்கு ஆபாசம் ஆகாத இதழையும் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். பெற்றோர் தாமே விரும்பி வாங்கிக் கொடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. நாமும் இதையே நியாயம் என்கிறோம். பெரியவர்களின் வாசிப்புச் சுதந்திரத்தில் கை வைக்கவில்லை. பெற்றோரின் முதுகுக்குப் பின்னால் கடைக்காரர் பிள்ளையோடு வணிகம் செய்வதைத்தான் தடுக்கச் சொல்கிறோம்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. குழந்தைக்கு ஆபாசப் பொருளை விற்றாலோ காட்டினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 295ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று ஆண்டுகள் வரை, மறுமுறைக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை. பேருந்து நிலையக் கடைகளில் இது எந்த அளவுக்கு நினைவில் இருக்கிறது என்று காவல் துறை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

பையன் ஏற்கெனவே பார்த்துவிட்டால்? பெல்ட்டை எடுக்காதீர்கள். உறவினர் முன்னால் சொல்லிக் கூனிக் குறுக வைக்காதீர்கள். அவனுக்கு வந்தது வயதுக்குரிய ஆர்வம், அதில் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரு பெயர், விருப்பம், மறுக்கும் உரிமை உண்டு என்று உட்கார வைத்துப் பேசுங்கள். அப்பா பேசினால் இன்னும் நல்லது. பேசாத வீட்டில், விடை சொல்ல அந்த இதழ் மட்டுமே மிஞ்சும்.

அச்சிதழ்கள் ஒழிந்தன, எஃப்.எச்.எம்., ஸூ இரண்டும் 2016 பிறப்பதோடு முடிந்தன, இனி எதற்கு இந்தப் பேச்சு என்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் சிறார் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் முதன்முதலாக ஆபாசப் படத்தைப் பார்க்கும் சராசரி வயது 13 என்கிறது. பத்தில் ஒருவர் ஒன்பது வயதுக்குள்ளேயே பார்த்துவிடுகிறார். தட்டு இப்போது பையனின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் விற்பவரின் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. 2025 ஜூலை முதல் பிரிட்டனில் ஆபாசத் தளங்கள் உறுதியான வயதுச் சோதனை நடத்தியாக வேண்டும், இதை வரவேற்கிறோம். இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கிய இணையப் பாதுகாப்புச் சட்டம், பெண்களை இழிவுபடுத்தி வெறுப்பை வளர்க்கும் பதிவுகளிலிருந்தும் சிறுவர்களைக் காக்கச் சொல்கிறது. துணியின் அளவால் ஆபாசமாகாமல், சொல்லும் சேதியால் நஞ்சாகும் குறுங்காணொளிகளும் பகடிப் பதிவுகளும் பெருநிறுவனங்களின் பரிந்துரை வரிசையில் ஏறித்தான் பிள்ளைகளை அடைகின்றன. வயதுச் சோதனைக்குக் காட்டும் கண்டிப்பை இந்தப் பிரிவுக்கும், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குமுறை ஆணையம் காட்ட வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு, அதன் வருவாயில் உறைக்கும் அளவுக்கு அபராதம் விதிக்க வேண்டும்.