"மறந்துட்டேன் டீச்சர்" என்ற பதில் விமான நிலையத்தில் செல்லாது

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள், உங்களில் பாதிப்பேர் மாதம் ஒரு முறையாவது தேவனஹள்ளி போய் விமானம் ஏறுகிறவர்கள்.

விமான நிலையத்தில் யாராவது துப்பாக்கியோடோ தோட்டாவோடோ மாட்டினால், "பாவம், பையில் இருந்ததை மறந்துட்டார், இதுக்குப் போய் கேஸா?" என்று நம் குழுக்களில் உடனே இரக்கம் பொங்குகிறது. அந்த இரக்கத்தோடுதான் இன்று என் சண்டை.

எல்லோருக்கும் தெரிந்த நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூன் 2 அன்று நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கருணாஸ் திருச்சி போவதற்காகச் சென்னை விமான நிலையம் வந்தார். அவருடைய கைப்பையில் 40 தோட்டாக்கள் இருந்தன. துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, தேர்தல் நேரம் என்பதால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன், அவசரத்தில் பையைக் கவனிக்காமல் எடுத்து வந்துவிட்டேன் என்று விளக்கம் சொன்னார். ஆவணங்களைச் சரிபார்த்தார்கள். பயணம் ரத்தானது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. உரிமம் இருந்தது, காட்டினார், விட்டார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோமே, "மறதிதானே" என்று நகர்ந்தோமே, கோபம் அதன் மேல்தான்.

இப்போது அதே இடத்தில் நம் ஊர்ப் பையன் ஒருவனை நிறுத்திப் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கம் மலைக் கிராமம். காட்டுப்பன்றிக்காகத் தாத்தா வைத்திருந்த துப்பாக்கி எப்போதோ போய்விட்டது, பழைய தோல்பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா மட்டும் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேரன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். கம்பெனி அவனைப் புனேவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். எக்ஸ்ரே திரையில் தோட்டா தெரிகிறது. அவனிடம் காட்ட உரிமம் இல்லை.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவன் மேல் பாயும். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. தகுந்த சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே நீதிபதி அதைக் குறைக்கலாம். ஒரு தோட்டாவும் தோட்டாதான். வெடித்த காலிக்கூடு கூட மாட்டிவிடலாம், ஏனென்றால் தோட்டாவின் பாகங்களையும் அந்தச் சட்டம் தோட்டாக் கணக்கில்தான் வைக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

உரிமம் வைத்திருப்பவர் உரிமத்தின் நிபந்தனையை மீறினால்? 30-ஆம் பிரிவு. அதிகபட்சம் 6 மாதம் சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் கண்ணுகளா. துப்பாக்கியைப் பற்றி எல்லாம் தெரிந்து, விண்ணப்பம் போட்டு, கையெழுத்துப் போட்டு, பொறுப்பை ஏற்றுக்கொண்டவரின் மறதிக்கு 2,000 ரூபாய். பையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவனுக்கு 2 ஆண்டிலிருந்து கணக்கு தொடங்குகிறது. இது தலைகீழ் நியாயம் இல்லையா?

"நீதிமன்றம் இருக்கிறதே டீச்சர்" என்பீர்கள். இருக்கிறது. தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது, 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் சொன்னது. அதை வைத்து, பையில் ஒன்றிரண்டு தோட்டாவோடு பிடிபட்ட பலருடைய வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு வரைக்கும் வக்கீல் கட்டணம் யார் கொடுப்பது? வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டால் கம்பெனி எத்தனை நாள் பொறுக்கும்? குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் இடம் கொடுக்கிறது. துபாய்க் கனவோடு இருக்கும் பையனுக்கு அது போதாதா? உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தவனுக்குத்தான் அந்த இரக்கம் கிடைக்கும்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீடு தமிழ்நாட்டில், நம் விமான நிலையம் கர்நாடகத்தில். துப்பாக்கி உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றிருந்தால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததுமே அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. தேவனஹள்ளி அதற்கப்புறம்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இன்றைக்கே அதை எடுத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு: 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐசி 814 விமானத்தில் ஐந்து பேர் ஆயுதங்களோடு ஏறிவிட்டார்கள். விமானம் காந்தஹார் போனது. ஒரு பயணி கொல்லப்பட்டார். மூன்று பயங்கரவாதிகளை விடுதலை செய்துதான் மற்றவர்களை மீட்க முடிந்தது. அதன் பிறகுதான், 2000-லிருந்து, நம் விமான நிலையங்களின் பாதுகாப்பு ஒவ்வொன்றாக மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் போனது. எக்ஸ்ரே திரை முன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ உங்கள் மனசு தெரியாது, பைதான் தெரியும். மறதிக்காரர் பையும் கொலைகாரர் பையும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மறதியை மன்னித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 2023-ல் மட்டும் அங்கே விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா நிரப்பியிருந்தது. பிடிபடுகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம், "பையில் இருந்ததை மறந்துட்டேன்." அப்போது அபராதம் ஏறத்தாழ 15,000 டாலர் வரை இருந்தும் இந்தக் கதை. இந்தப் பக்கம் சிங்கப்பூரில், உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அங்கே வேலைக்குப் போகிற என் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நான் பிரம்படி கேட்கவில்லை. நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் கூடத் தேவையில்லை. நிபந்தனையை மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உரிமம் கொடுத்த அதிகாரிக்கு, அதாவது மாவட்ட ஆட்சியருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ, அதிகாரம் தருகிறது. விமான நிலையத்துக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ "மறந்து" கொண்டுவந்த உரிமதாரர் யாராக இருந்தாலும், நடிகரோ தலைவரோ தொழிலதிபரோ, அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கட்டும். 40 தோட்டா எங்கே இருக்கிறது என்று நினைவில் வைக்க முடியாதவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவரா என்று ஒரு முறையாவது கேட்கட்டும். ஒற்றைத் தோட்டாவோடு மாட்டிய, முன்பின் எந்த வழக்கும் இல்லாத எளியவனுடைய விளக்கத்தை, அவன் உயர் நீதிமன்றம் வரை அலைவதற்கு முன்பே காவல் நிலையத்திலேயே பொறுமையாக விசாரிக்கட்டும்.

"மனுஷன்னா மறதி இருக்காதா?" என்பது அடுத்த கேள்வி. இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாட நோட்டை மறந்து வந்தால் நானே எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். நோட்டு யாரையும் சுடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது:

பயணத்துக்கு முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். அடுத்தவர் பையை இரவல் வாங்காதீர்கள், வாங்கினால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பாருங்கள்.

தோட்டா மாதிரி சாவிக்கொத்து, துப்பாக்கி வடிவ லைட்டர், குழந்தையின் பொம்மைத் துப்பாக்கி எதையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

உரிமத்தோடு துப்பாக்கி கொண்டுபோக வேண்டியவர்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். தோட்டாவைக் கழற்றித் தனியாக வைத்து, கவுன்ட்டரில் சொல்லி, உரிமத்தைக் காட்டி, சரக்கில் போகும் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியோ தோட்டாவோ வீட்டில் கிடந்தால் ஒளிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். நம் மாவட்டக் காவல்துறை பலமுறை இதைக் கேட்டிருக்கிறது.

2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அது வரும்போது வரட்டும். அதற்கு முன் அதில் நடந்துகொள்ள வேண்டிய ஒழுங்கு நம்மிடம் வந்துவிட வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். மலைக் கிராமங்களில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கட்டாயம் இதைப் பகிருங்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்