கப்பல் உங்களுக்காக நிக்காது, சரி. அதுக்கு எவ்வளவு பயப்படணும்?

மத்தியதரைக் கடல் குரூஸ் டிக்கெட் போட்ட எல்லாரும் ஒரு வாக்கியத்தைக் கண்டிப்பா கேட்டிருப்பாங்க: "நீங்களா ஊர் சுத்தப் போய் லேட் ஆச்சுன்னா, கப்பல் உங்களுக்காக நிக்காது." இது உண்மைதான். கப்பல் கம்பெனியே நடத்தும் டூரில் போய், அந்த பஸ் டிராஃபிக்கில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவங்க பொறுப்பு. நீங்களாகப் போனால் அந்தப் பொறுப்பு மொத்தமும் உங்க தலையில். ஷோர் எக்ஸ்கர்ஷன் என்ற பெயரில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியா காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் அந்த டூர்களில் பாதி, இந்த ஒரு வாக்கியம் தரும் பயத்தில்தான் விற்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே அளவு பயப்படுவதில் நியாயம் இல்லை. எங்கே சொந்தமாகப் போகலாம், எங்கே கம்பெனி பஸ்ஸில் ஏறணும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கு. நாலாவது செமஸ்டரோ ஆறாவது செமஸ்டரோ, கிரிட்டிக்கல் பாத் போட்டுப் படிச்சிருப்பீங்க இல்ல? அதே கணக்குதான்.

"நம்மில் எத்தனை பேர் குரூஸ் போகப்போறோம்?"னு கேக்கலாம். ஜெர்மனி, இத்தாலின்னு மாஸ்டர்ஸ் படிக்கப் போன சீனியர்கள் அப்பா அம்மாவை வரவழைத்து கூட்டிட்டுப் போறாங்க. வேலைக்குப் போன அண்ணன் அக்காவும் அப்படித்தான். அப்போ பிளான் போடும் வேலை யாருக்கு வரும்? "நீதான் நெட்ல எல்லாம் பாப்பியே"ன்னு நம்மகிட்டதான். பெத்தவங்க பல வருஷம் சேர்த்து வெச்ச காசில் போகும் பயணம். அதனால கணக்கு சரியா இருக்கணும்.

முதல் கேள்வி: கப்பல் நிற்கும் இடமும் நீங்க பார்க்க நினைக்கும் இடமும் ஒண்ணுதானா? பயண அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ சிவிடவேக்கியாவில். ரோமுக்கு அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்று போட்டிருந்தால் நிற்பது லிவோர்னோவில், சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி. 'வெனிஸ்' என்று விற்கப்படும் பல பயணங்களில் கப்பல் ராவென்னாவிலோ ட்ரியஸ்டேயிலோ நிற்கும். பெரிய கப்பல்கள் வெனிஸ் ஊருக்குள் இருக்கும் ஜுதெக்கா கால்வாய் வழியாக வருவதை 2021 ஆகஸ்டிலிருந்து இத்தாலி அரசு தடை செய்துவிட்டது. அதனால ஊர்ப் பெயரை நம்பாதீங்க. கப்பல் எந்தத் துறையில், எந்த டெர்மினலில் நிற்கிறது என்று மேப்பில் பாருங்க.

இப்படிப் பார்த்தால் துறைமுகங்கள் மூணு வகையாப் பிரியும். முதல் வகை, இறங்கி நடந்தாலே ஊர். மால்டாவின் வலேட்டாவில் கப்பல் கோட்டைச் சுவருக்கு அடியிலேயே நிற்கும். கொஞ்சம் நடந்து, சுமார் 58 மீட்டர் உயர லிஃப்ட்டில் ஏறினால் அப்பர் பராக்கா தோட்டத்துக்கு வந்துடலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் கோ-கதீட்ரல். உள்ளே கராவாஜியோ கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம். இத்தாலியின் ஜெனோவாவிலும் டெர்மினல், ரயில் நிலையம், பழைய ஊர் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். இந்த மாதிரி ஊரில் வாக்கிங் டூருக்கு கம்பெனியிடம் காசு கட்டுவது, ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்குப் போக கால் டாக்ஸி போடுற மாதிரி.

இரண்டாவது வகை, அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். ஏதென்ஸுக்கான துறைமுகம் பிரேயஸ். அங்கிருந்து பழைய பச்சை லைன் மெட்ரோ உண்டு. 2022 அக்டோபர் முதல் நீல லைனும் பிரேயஸ் வரை வருது. இரண்டுமே மொனாஸ்டிராகிக்கு அரை மணிக்குள் கொண்டு சேர்க்கும். டிக்கெட் ஒன்றரை யூரோகூட ஆகாது. பர்ஸை மட்டும் முன்பாக்கெட்டில் வெச்சுக்கோங்க. நேப்பிள்ஸும் இந்த வகைதான். கப்பல் ஊரின் நடுவிலேயே நிற்கும், பாம்பேய் இடிபாடுகளுக்கு லோக்கல் ரயிலில் முக்கால் மணிக்குள் போயிடலாம்.

மூன்றாவது வகை, மேலே சொன்ன ரோமும் ஃபுளோரன்ஸும். இங்கேதான் கணக்கு தேவை. அந்தக் கணக்கை காலையிலிருந்து போடாதீங்க, சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்க. ஒரு உதாரணம். கப்பல் காலை 7 மணிக்கு சிவிடவேக்கியா வருது, இரவு 7 மணிக்குக் கிளம்புதுன்னு வெச்சுப்போம். எல்லாரும் உள்ளே இருக்க வேண்டிய 'ஆல் அபோர்டு' நேரம் பெரும்பாலும் அரை மணி முன்னாடி, அதாவது 6.30. அதில் ஒன்றரை மணி நேரத்தை பஃபராகத் தனியா எடுத்து வைங்க. அப்போ 5 மணிக்குக் கப்பலில் இருக்கணும். ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு பஸ் மாறி வர 40 நிமிஷம், எனவே 4.20-க்கு சிவிடவேக்கியா ஸ்டேஷன். ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், எனவே 3.10 வாக்கில் ரோமில் ரயில் ஏறியாகணும். காலையில் இறங்கி, பஸ் பிடிச்சு, ரயில் ஏறி, வாடிகனுக்குப் பக்கத்திலிருக்கும் சான் பியெத்ரோ ஸ்டேஷனில் இறங்க 9.45 ஆயிடும். கையில் இருப்பது ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாடு, செக்யூரிட்டி வரிசை, தண்ணீர், டாய்லெட் எல்லாம் அதுக்குள்ளதான். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா அதுவும் அதுக்குள்ளதான்.

ஐந்தரை மணி நேரத்தில் வாடிகன், கொலோசியம், ட்ரெவி ஃபவுண்டன், ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ் என்று நாலும் பார்க்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பாக்கலாம், ஓடிக்கிட்டே, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே. நுனிப்புல் மேய்வதற்கு ரோம் எதுக்கு? ஒரு இடம், அதுக்குப் பக்கத்தில் இன்னொரு இடம். அதுக்கு மேல் அந்தப் பகலில் இடம் கிடையாது.

பஃபர் எதுக்கு இவ்வளவு? ரயில் ரத்தாகும். இத்தாலியில் போக்குவரத்து ஸ்டிரைக் நடப்பது சகஜம். நல்ல விஷயம், அது பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படும்; இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதிவாரியாகப் பட்டியலே இருக்கும். வேலை நாட்களில் ஸ்டிரைக் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசிய ரயில்கள் ஓடணும்னு விதி. மேலே போட்ட கணக்கைப் பாருங்க: நீங்க திரும்ப வேண்டிய நேரம் அந்த இரண்டு வேளையிலும் விழாது. அதனால ஸ்டிரைக் நாளில் ரோம் பிளானை அன்னைக்குக் காலையில் யோசிக்காம முந்தின ராத்திரியே கைவிட்டுடணும்.

இன்னொரு விஷயம், திரும்பி வர ஒரே ஒரு வழிதான் இருக்கா? சிஸ்டம் டிசைனில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போமே, அதுதான். பாம்பேயிலிருந்து நேப்பிள்ஸ் திரும்ப சர்க்கும்வெசுவியானா லோக்கல் ரயில் இருக்கு. அது சொதப்பினால் ஊரின் இன்னொரு பக்கத்தில் தேசிய ரயில்வேயின் ஸ்டேஷன் இருக்கு. ரெண்டும் இல்லேன்னா டாக்ஸி. சாண்டோரினியில் அப்படி இல்லை. அங்கே கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும். டெண்டர் எனும் சின்னப் படகில் கரைக்கு வரணும். கரையிலிருந்து மலை மேலிருக்கும் ஃபிரா ஊருக்கு கேபிள் கார், இல்லாட்டி 588 படி, இல்லாட்டி கழுதை. கழுதையை விட்டுடுங்க, பாவம். ஒரே நாளில் மூணு நாலு கப்பல் வந்து நின்னா, சாயங்காலம் எல்லாரும் அந்த ஒரே கேபிள் காருக்குத்தான் வரிசையில் நிப்பாங்க. அங்கே திரும்பும் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னாடி வெச்சாலும் தப்பில்ல.

சின்னதாத் தோணுற, ஆனா ஒரு நாளையே கெடுக்கிற சில விஷயங்கள். ஃபுளோரன்ஸின் உஃபீசியும் அக்காடெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு செவ்வாய் லீவு. வாடிகன் மியூசியம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. அக்ரோபோலிஸில் 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், அதுவும் நேரம் குறித்த டிக்கெட். கடும் வெயில் நாட்களில் மதியம் மூடியே விட்டிருக்காங்க. கிரீஸ் நேரம் இத்தாலியைவிட ஒரு மணி முன்னே. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுதுன்னு அன்றைய அறிவிப்புத் தாளில் பாத்துட்டு இறங்குங்க, போன் காட்டும் நேரத்தை மட்டும் நம்பாதீங்க. அந்தத் தாளிலேயே துறைமுக ஏஜென்ட் நம்பரும் இருக்கும். அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பாஸ்போர்ட், விசா நகலும் போனில் இருக்கட்டும்.

விசா பற்றி ஒரு வார்த்தை, ஏன்னா நம்ம பாஸ்போர்ட்டுக்கு இது முக்கியம். கப்பல் துருக்கியின் குசாதாசிக்கோ மான்டிநீக்ரோவின் கோட்டருக்கோ போய்த் திரும்பினால், நீங்க ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வர்றீங்க. சிங்கிள் என்ட்ரி விசா அதுக்குப் போதாது. குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்துடுச்சு, அதனால டுப்ரோவ்னிக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போ நியாயமான ஒரு எதிர்ப்பு வரும்: "இவ்வளவு தூரம் வந்துட்டு ரோமைப் பாக்காம வர்றதா? திரும்ப எப்போ வரப்போறோம்?" இந்தக் கேள்வியை நான் லேசா எடுத்துக்கல. வாழ்க்கையில் ஒரே முறை வருகிற அப்பாவுக்கு ரோம் கனவா இருக்கலாம். அப்படியானால் ரெண்டு வழி. ஒண்ணு, சிவிடவேக்கியாவில் தொடங்கும் பயணத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாள் முன்னாடியே ரோம் வந்து தங்கி நிம்மதியாப் பாருங்க. இன்னொண்ணு, பல கப்பல்கள் பஸ் மட்டும் ஏற்பாடு செய்து தரும் டிரான்ஸ்ஃபர் விற்கின்றன. கொண்டுபோய் விடுவாங்க, சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூட்டி வருவாங்க, நடுவில் நீங்க உங்க இஷ்டம். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகும்போது அதுக்குக் காசு கொடுப்பதில் வெக்கப்பட ஒண்ணும் இல்லை. சொந்தமாப் போறது காசு மிச்சம் பிடிக்கும் போட்டி கிடையாது.

ரெண்டும் முடியலேன்னா? அப்போ நான் சொல்றது பலருக்குப் பிடிக்காது: இறங்கின ஊரையே பாருங்க. ராவென்னாவில் இறங்கிட்டு வெனிஸுக்கு 150 கிலோமீட்டர் ஓடுறவங்க, 1,500 வருஷப் பழைய மொசைக் தேவாலயங்களையும் தாந்தேயின் கல்லறையையும் விட்டுட்டு ஓடுறாங்க. லிவோர்னோவிலேயே 'புதிய வெனிஸ்' என்றொரு கால்வாய்ப் பகுதியும் ஒரு பெரிய மார்க்கெட் கட்டிடமும் இருக்கு. பைசா கோபுரம் வேணும்னா பைசா ஊருக்கு ரயிலில் சுமார் இருபது நிமிஷம்தான். பஃபர் தானாவே கிடைக்கும்.

இதில் அந்த ஊர்க்காரங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. கப்பலில் சாப்பிட்டு, கப்பலில் தூங்கி, நாலு மணி நேரம் கூட்டமா வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்களால் தங்களுக்கு என்ன லாபம்னு அவங்க கேக்க ஆரம்பிச்சு நாளாச்சு. டுப்ரோவ்னிக் 2019-லேயே கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. வெனிஸ் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குது. பார்சிலோனா தன் ஏழு கப்பல் டெர்மினல்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க 2025-ல் முடிவெடுத்தது. சொந்தமாப் போய், தெருக்கடையில் சாப்பிட்டு, உள்ளூர் ரயிலில் டிக்கெட் வாங்கிப் போறவங்க காசாவது அந்த ஊருக்குள்ளயே தங்கும்.

ஆக, அடுத்த முறை வீட்டில் "நீயே பிளான் போடு"ன்னு சொன்னா, முதலில் மேப்பைத் திறந்து கப்பல் எங்கே நிக்குதுன்னு பாருங்க. ஆல் அபோர்டு நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கழிச்சுக்கிட்டே வாங்க. மிச்சம் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தா சொந்தமாப் போங்க, அதுவும் ஒரு வழி அடைபட்டா இன்னொரு வழி இருக்கிற ஊரா இருந்தா மட்டும். இல்லேன்னா கம்பெனி பஸ்ஸில் ஏறுங்க, இல்ல அந்தத் துறைமுக ஊரிலேயே நல்ல காபி குடிச்சிட்டு நடங்க. எதைத் தேர்ந்தெடுத்தாலும், சாயங்காலம் கப்பலின் மேல்தளத்தில் அம்மா அப்பாவோட நின்னு, தூரத்தில் மூச்சிரைக்க ஓடிவர்றவங்களைப் பாக்குறவங்களா நீங்க இருக்கணும்.