பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை ஒட்டி இருக்கிறது ஜீவனஹள்ளி. தெருவில் வழி கேட்கத் தமிழே போதும். 2022 ஜூனில் பையப்பனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா ரயில் முனையம் செயல்படத் தொடங்கிய பிறகு, வெளியூர் ரயில்களில் வந்து இறங்குபவர்களுக்குப் பக்கமாக இருக்கும் குடியிருப்புப் பகுதிகளில் இதுவும் ஒன்று. நிம்ஹான்ஸுக்கோ கித்வாய்க்கோ நோயாளியை அழைத்து வருபவர்கள், மகளைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள், நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர்கள் என எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். எங்கே தங்குவது?

இங்கே குடியிருக்கும் உறவுக்காரர்கள் சொல்லும் பதில் பல சமயம் எச்சரிக்கையாக இருக்கும். "அந்த போர்டு மாட்டின இடத்துக்கு மட்டும் போயிடாதீங்க மாமா." காரணம் கேட்டால் ஒரு கதை வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், அதே பெயர் தாங்கிய விடுதியில் சுடுதண்ணீர் வரவில்லை, பெட்ஷீட் மாற்றவில்லை, முன்பதிவு வரவே இல்லை என்று சாதித்தார்கள். எங்கோ கழிந்த ஒரு மோசமான இரவு, நாடு முழுக்க அந்தப் பெயர் உள்ள அத்தனை கட்டடங்களுக்கும் தண்டனை வாங்கித் தந்துவிடுகிறது.

இது நியாயமா? பெருமளவு நியாயம்தான். ஒரே பெயரில் பல ஊர்களில் விடுதி நடத்துபவர், அறையோடு ஓர் உத்தரவாதத்தையும் சேர்த்து விற்கிறார். அங்கே பார்த்ததை இங்கேயும் பார்ப்பீர்கள் என்பதே அது. பெயரால் வரும் லாபம் அவருக்கு என்றால், பெயரால் வரும் பழியும் அவருக்கே. ஆனாலும் மலிவு விலை விடுதிகளை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டால் கடைசியில் நஷ்டம் நடுத்தரக் குடும்பத்துக்குத்தான். எனவே, எந்த நிலையில் இவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு தரலாம் என்று யோசிப்பது பலனுள்ளது.

விடை தேட ஜீவனஹள்ளியிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். அதே கிழக்குத் திசையில் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது ஒயிட்ஃபீல்டு. தாஜ் ஓட்டல்களை நடத்தும் டாட்டா குழுமத்தின் இந்தியன் ஓட்டல்ஸ் நிறுவனம், 2004-ல் இங்கேதான் சுமார் நூறு அறைகளோடு ‘இண்டிஒன்’ என்ற விடுதியைத் திறந்தது. வாடகை ஆயிரம் ரூபாய்க்குள். இந்த யோசனைக்கு வடிவம் கொடுப்பதில் பங்கெடுத்தவர் கோயம்புத்தூரில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நிர்வாகவியல் நிபுணர் சி.கே. பிரகலாத்.

அவர் கண்ட இடைவெளி நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் ‘ஓட்டல்’ என்றால் இட்லியும் காபியும்தான் நினைவுக்கு வரும். தங்கும் இடத்துக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். குடும்பத்தோடு போவதற்கு முன் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டிய சொல் அது. இன்னொரு முனையில் நட்சத்திர ஓட்டல். ஒரு நாள் வாடகை ஒரு மாத வீட்டு வாடகையைத் தொடும். இரண்டுக்கும் நடுவே, நாளெல்லாம் வேலையாக அலையும் விற்பனைப் பிரதிநிதிக்கும் குடும்பத்தோடு வருபவருக்கும் நம்பிப் படுக்க ஓர் இடம் நாடு தழுவிய அளவில் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப இண்டிஒன் கையாண்டது கத்தரிக்கோல் கணக்கு. பெட்டி தூக்க ஆள் இல்லை. பெயர் பதிந்துகொள்ள இயந்திரம். சுத்தம் செய்யும் வேலை வெளி ஒப்பந்தத்தில். பெரிய ஓட்டல்களில் ஓர் அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பணியாளர்கள் இருப்பார்கள். இங்கே ஓர் அறைக்கு ஒருவர்கூட இல்லை. வெட்டாமல் விட்டவை சுத்தமான படுக்கை, குளியலறை, டீ போடக் கெட்டில், டி.வி. விருந்தாளிக்குத் தேவையில்லாததை நீக்கு, தேவையானதில் கை வைக்காதே என்பதுதான் சூத்திரம். 2006-ல் பெயர் ‘ஜிஞ்சர்’ ஆயிற்று. திருப்பூர், புதுச்சேரி, திருவனந்தபுரம் என்று கிளைகள் பரவின.

சூத்திரம் சரி. அதைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்தது. நிலமும் கட்டடமும் விலை உயர்ந்த நாட்டில் ஆயிரம் ரூபாய் அறையை வைத்து முதலீட்டைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. விடுதிகளுக்கு வயதாக ஆக, பராமரிப்புக்குப் பணம் வேண்டும். ஜிஞ்சரை நடத்திய ரூட்ஸ் கார்ப்பரேஷன் பல ஆண்டுகள் நஷ்டக் கணக்கே காட்டியது. வரவு செலவைப் பார்த்த நிர்வாகத்துக்கு இஞ்சி தின்ற முகம்தான். மூடிவிடலாம் அல்லது விற்றுவிடலாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லியிருப்பார்.

டாட்டா நிறுவனம் வேறு வழியில் போனது. 2018-ல் கோவாவின் பனாஜி விடுதியில் தொடங்கி ஜிஞ்சரைப் புதிதாக வடிவமைத்தது. அறைகள், வரவேற்புக்கூடம், உணவகம் எல்லாம் மாறின. 2022-ல் மற்ற பங்குதாரர்களிடமிருந்த சுமார் 40 சதவீதப் பங்குகளை 500 கோடி ரூபாய்க்கு வாங்கி ரூட்ஸை முழு உரிமையாக்கிக்கொண்டது. 2023-ல் மும்பை சாந்தாகுரூஸில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், 371 அறைகள் கொண்ட விடுதியைத் திறந்தது. ஒரு நிறுவனம் தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கொண்ட இரண்டாவது வாய்ப்பு இது. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றினார்கள். பலித்தது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. புதிய ஜிஞ்சர் ஆயிரம் ரூபாய் விடுதி அல்ல. பெரிய நகரங்களில் வாடகை சில ஆயிரங்கள். மருத்துவமனை வாசலில் நான்கு நாள் காத்திருக்க வேண்டிய குடும்பத்துக்கு அது எட்டாது. சீர்திருந்திய விடுதி, யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களில் ஒரு பகுதியினரைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டது.

கீழே விடப்பட்ட இடத்துக்கு வந்தது ஓயோ. 2013-ல் ரித்தேஷ் அகர்வால் தொடங்கிய இந்த நிறுவனம் புதிய கட்டடம் கட்டவில்லை. இருக்கிற லாட்ஜுகளுக்குச் சிவப்புப் பலகை மாட்டியது. ஒரே மாதிரி படுக்கை விரிப்பு, ஒரே செயலி, கைபேசியில் முன்பதிவு. யோசனை அபாரமானது, வேகமும் அப்படியே. சிக்கல் என்னவென்றால், பலகை கம்பெனியுடையது, பக்கெட்டும் கீசரும் லாட்ஜ் முதலாளியுடையவை. தனக்கு வர வேண்டிய தொகை பற்றி முதலாளிக்கும் கம்பெனிக்கும் தகராறு வந்தால், இரவு பதினோரு மணிக்குக் குழந்தையோடு வந்து நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

போட்டி இருந்தால் விருந்தாளிக்கு வேறு கதவு திறக்கும். அந்தக் கதவும் சில காலம் சாத்தப்பட்டது. பெங்களூரில் 2015-ல் பிறந்த ட்ரீபோ, இன்னொரு மலிவு விலை நிறுவனமான ஃபேப்ஹோட்டல்ஸ் ஆகியவற்றின் அறைகள் மேக்மைட்ரிப் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. ஓயோவோடு செய்துகொண்ட ஏற்பாடே இதற்குக் காரணம் என்று முடிவு செய்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கின் போக்கு எப்படியானாலும் ஒன்று தெளிவு. செயலியில் தெரியாத விடுதிக்கு முதல் வாய்ப்பே கிடைக்காது. இரண்டாவது எங்கிருந்து வரும்?

ஓயோவும் இப்போது தன் இரண்டாவது ஆட்டத்தில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் முதன்முறையாக லாபம் காட்டியது. 2024-ல் அமெரிக்காவின் மோட்டல் 6 நிறுவனத்தை 52.5 கோடி டாலருக்கு வாங்கியது. மோட்டல் 6-க்கும் ஒரு கதை உண்டு. 1962-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஓர் இரவுக்கு ஆறு டாலர் என்ற வாடகையையே பெயராக வைத்துப் பிறந்தது அது. வாடகை எப்போதோ ஏறிவிட்டது. பெயரில் மட்டும் ஆறு நிற்கிறது. நாடு எதுவானாலும் மலிவு விடுதிகளின் விதி ஒன்றுபோலவே இருக்கிறது.

அரசின் கணக்கிலும் ஆயிரம் ரூபாய் அறைக்குத் தனிச் சலுகை நீடிக்கவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான அறைக்கு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது நிம்மதிதான். என்றாலும் 900 ரூபாய் அறைக்கும் 7,500 ரூபாய் அறைக்கும் ஒரே விகிதம்.

சரி, ஜீவனஹள்ளி மாமா என்ன செய்வது? பலகையை மறந்துவிட்டுக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட விடுதியைப் பற்றிக் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கச் சொல்லலாம். பழைய புகழும் பழைய புகாரும் அவ்வளவாக உதவாது. ரயில் ஏறுவதற்கு முன் விடுதிக்கே போன் செய்து முன்பதிவு அவர்கள் ஏட்டில் இருக்கிறதா என்று கேட்பது அவசியம். நோயாளி உடன் வந்தால் லிஃப்ட் உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். முடிந்தவரை பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும். கட்டிய பிறகு பில் வாங்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. புகார் செய்யும் பழக்கம் வந்தால்தான் தவறுக்கு விலை வரும்.

வசதி உள்ளவருக்கு ஒரு மோசமான அறை என்பது மறுநாள் நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. காலை எட்டு மணிக்குப் புறநோயாளிகள் வரிசையில் நிற்க வேண்டியவருக்கு அது ஒரு முழு இரவின் தூக்கம். கையில் எண்ணி எடுத்து வந்த பணம். அதனால் இரண்டாவது வாய்ப்பு கேட்கும் விடுதி எதை மாற்றியிருக்கிறது என்பதை முதலில் காட்டட்டும். கீசர் வேலை செய்கிறதா, பெட்ஷீட் வெளுத்ததா, ஏட்டில் பெயர் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பழைய கோபத்தை விட்டுவிட்டு மாமா தாராளமாக அங்கே போகலாம்.