நடுக்குரல் பிசகலாமா?

1990களின் முற்பகுதியில், மின்சாரமற்ற குடாநாட்டில், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அகப்பட்ட ஒலிபெருக்கியை அகப்பட்ட கம்பியில் பூட்டினோம். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று கொழும்புத்துறையில் வீட்டுக்குள் 5.1 ஒலியமைப்பைப் பொருத்துவோரும் அவ்வழக்கத்தையே தொடர்ந்து, அதனைச் சிக்கனம் என்பது அறியாமை.

பின்புற ஒலிபெருக்கிகள் பழையனவாக இருக்கட்டும். சப்வூஃபர் எந்த நிறுவனத்தினதாகவும் இருக்கட்டும். ஆனால் முன்னுள்ள இடம், நடு, வலம் மூன்றும் ஓரினமாதல் வேண்டும். உரையாடலின் பெரும்பகுதி நடுவிலிருந்தே எழுகின்றது. அது வேறினமாயின், திரையில் ஒருவர் இடம்பெயரும்போது அவர் குரலே வேறொருவருடையதாகிவிடும்.

அனைத்தையும் ஒரே பெயரில் வாங்கச் சொல்லும் வணிகரும், எதனையும் எதனோடும் பூட்டலாம் என்னும் அயலவரும் ஒருங்கே தவறுகின்றனர். பணம் போதாதெனின் நடுப்பெட்டியை விட்டுவிடுங்கள். ரிசீவரில் நடு ஒலிபெருக்கி இல்லையெனக் குறித்துவிட்டால், ஒத்த இரண்டு பெட்டிகளே நடுக்குரலைத் தந்துவிடும்.