செத்தவனுக்கு எதுக்குய்யா அதிர்ஷ்டம்?

எகிப்து மம்மின்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்களுக்கு ரெண்டே விஷயம்தான் தெரியுது. ஒண்ணு சாபம், இன்னொண்ணு தங்கம். துணிச்சுத்துக்குள்ள இருக்கற தாயத்துகளைப் பத்திக் கேட்டா, "அதுவா, அதிர்ஷ்டத்துக்கு வச்சது"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. படிச்சுப் படிச்சு எரிச்சலாயிடுச்சு.

செத்தவன் என்ன லாட்டரியா வாங்கப் போறான்? அவனுக்கு முன்னால இருந்தது விசாரணை. ஒசைரிஸ் சபையில தராசு. ஒரு தட்டுல அவன் இதயம், மறு தட்டுல மாஅத்தோட இறகு, அதாவது சத்தியம். மூளையை வெளிய எடுத்துப் போட்டவங்க, நினைவும் மனசாட்சியும் இதயத்துலதான்னு நம்பி அதை மட்டும் உடம்புலயே விட்டாங்க. அதுக்கு மேல பச்சைக் கல்லுல செதுக்கின சாணிவண்டு. அடிப்பக்கத்துல இறந்தோர் நூலின் 30பி மந்திரம். என் இதயமே, எனக்கு எதிரா சாட்சி சொல்லிடாதேங்கறதுதான் அதோட சாரம். சொந்த மனசாட்சிகிட்ட ஒருத்தன் கெஞ்சறான் சாமி! இதுக்குப் பேரு அதிர்ஷ்டமா? காப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடமும் உண்டு. ஒசைரிஸோட முதுகெலும்பான ஜெட் தூண் கழுத்துக்கு. ரெட்டை விரல், குடலை எடுக்க வயித்துல கீறின இடத்துப் பக்கம். இடம் தெரியலைன்னா பாதி அர்த்தம் போச்சு.

அந்த அர்த்தத்தைத்தான் தொலைச்சாங்க. 1830-களில் லண்டன்ல தாமஸ் பெட்டிக்ரூ டிக்கெட் போட்டு மம்மியைப் பிரிச்சுக் காட்டினார், கூட்டம் அலைமோதுச்சு. எங்க இருந்ததுன்னு குறிப்பில்லாம உருவின தாயத்து, முகவரி கிழிஞ்ச கடுதாசி மாதிரி. 1925-ல துட்டன்காமன் மேல இருந்த 143 பொருளையும் ஹோவர்ட் கார்ட்டர் இடம் குறிச்சு வச்சார், அது வரைக்கும் பாராட்டலாம். ஆனா அதையெல்லாம் எடுக்க அந்தப் பையன் உடம்பையே துண்டு போட்டாங்களே!

வேற வழியில்லைன்னு இனிமே சொல்ல முடியாது. 1916-ல எட்ஃபு பக்கம் கிடைச்ச ஒரு சிறுவன் மம்மியைக் கெய்ரோவுல சிடி ஸ்கேன் பண்ணி, முடிவை 2023-ல வெளியிட்டாங்க. 21 வகையில 49 தாயத்து, மூணு வரிசையா. வாயில தங்க நாக்கு, நெஞ்சுக்குள்ள தங்க வண்டு. ஒரு நூலைக்கூடப் பிரிக்கலை.

அடுத்த தடவை மியூசியத்துல தாயத்தைப் பார்த்தா, "என்ன விலை போகும்?"னு கேக்காதீங்க. "உடம்புல எங்க இருந்துச்சு?"ன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா, அது எப்படி வந்ததுன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம்.

திட்டறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க!