படை அதிகாரியும் பள்ளிச் சம்பளமும்

"ஐயா, போர்க்களம் கண்ட அதிகாரி பள்ளிக்கூடத்திலே படிப்பித்தால், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? படையா, பள்ளியா?" என்று என் மாணாக்கன் ஒருவன் வினவினான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு விடை, "இருவருமே" என்பதாகும். அங்கே உயர்தரப் பாடசாலைகளில் இளையோர் படைப்பயிற்சிப் பிரிவுகள் 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றின. சேவையிலுள்ள படையினருக்குப் பதிலாக இளைப்பாறியோரை ஆசிரியராக அமர்த்த 1964 ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அச்சட்டத்தின் வழியே பல்லாண்டுகள் நிலவிய சம்பளக் கணக்கு சுவையானது.

அதிகாரி ஒருவர் சேவையில் இருந்தால் மாதம் 4000 டொலர் அடிப்படைச் சம்பளமும், உறையுளுக்கும் உணவுக்குமாக 2000 டொலர் படியும் பெறுவார் என்று கொள்வோம். இருபதாண்டுச் சேவைக்குப் பின் அடிப்படைச் சம்பளத்திற் பாதியாகிய 2000 டொலர் அவருக்கு இளைப்பாற்றுச் சம்பளம். 6000 டொலருக்குக் குறைவது 4000. இக்குறையைப் பள்ளி நிருவாகம் நிரப்ப வேண்டும்; அதிற் பாதியைப் படை திருப்பிக் கொடுக்கும். ஆகவே பள்ளியின் கைப்பொறுப்பு 2000 டொலரே. அண்மை ஆண்டுகளில் இக்கணக்கிலே திருத்தங்கள் புகுந்துள்ளன. எனினும் செலவைப் பகிரும் அடிப்படை மாறவில்லை.

இனி, அடுத்த அறையிலே கணிதம் படிப்பிக்கும் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். அவருடைய சம்பளத்திற் பாதியைத் தர எந்தப் படையும் முன்வருவதில்லை. பணமுடை மிக்க பள்ளியின் அதிபர் ஒருவர், ஒரே ஓர் ஆசிரியரைத்தான் அமர்த்தலாம் என்ற நிலையில் எவரைத் தெரிவார்? பாடத்தின் தேவையைப் பணத்தின் சலுகை வென்றுவிடக் கூடுமன்றோ?

இப்பயிற்சியால் ஒழுங்கும் தன்னம்பிக்கையும் பெற்ற பிள்ளைகள் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. பயின்றவர் படையிற் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயினும் பிரிவு நிலைபெறக் குறித்த தொகை மாணவர் வேண்டும். சில பாடசாலைகளில் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேளாமலே அவர்களை இவ்வகுப்பிற் சேர்த்தமையை 2022 ஆம் ஆண்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. சலுகை சிறிது சிறிதாகக் கட்டாயமாக மாறும் விதம் இதுவே.

நம் நாட்டு மாணவர் படையணியிலோ பாடசாலை ஆசிரியரே பயிற்சி பெற்று அதிகாரியாகிறார். அங்கே படைவீரர் ஆசிரியராகிறார்; இங்கே ஆசிரியர் படையுடை அணிகிறார். எவ்வழியாயினும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்வாசிரியர் நம் பிள்ளைக்குத் தேவை என்பதால் வந்தாரா, அன்றி மலிவாகக் கிடைத்தார் என்பதால் வந்தாரா?

கேள்வி கேட்ட மாணாக்கனுக்கு இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவன் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "அப்படியானால் கணித ஆசிரியைக்கு மற்றப் பாதியை யார் கொடுப்பது, ஐயா?" என்றான். அந்த வினாவை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.